பில்லில் ஏறாத சீயக்காய்

எனக்குத் தலையில் முடி இல்லை. இரண்டு காதுகளுக்கும் நடுவே பின்பக்கமாக ஓடும் நரையை முடி என்று கணக்கில் சேர்த்தாலும், அதற்குக் குளிக்கிற சோப்பே போதும். அப்படிப்பட்ட என் அலமாரியில் சீயக்காய்ப் பொடிப் பாக்கெட்டுகள் ஒன்பது இருந்தன. ஒவ்வொன்றும் கால் கிலோ. ஒன்றுக்குக்கூட நான் பணம் கொடுத்திருக்கவில்லை.

நாங்கள் இருப்பது செம்பூர்ப் பக்கம், திலக் நகரில். மளிகை மட்டும் முப்பது வருஷமாக மாட்டுங்காவில் ஒரே கடையில். நாங்கள் என்று கை தானாக எழுதிவிட்டது. பதினோரு மாதமாக இங்கே இருப்பது நான் ஒருவன்தான். மகளின் பிரசவத்துக்காக என் மனைவி பெங்களூருக்குப் போனாள். மூன்று மாதம் என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். பேரன் பிறந்தான், குப்புற விழுந்தான், தவழ்ந்தான், இப்போது சோபா விளிம்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். மகள் ஆபீஸுக்குத் திரும்பிவிட்டாள். மனைவி திரும்பவில்லை.

எங்களுக்குள் சண்டை ஒன்றும் இல்லை. தினமும் காலை ஏழே முக்காலுக்கும் ராத்திரி எட்டரைக்கும் போனில் பேசுகிறோம். நானும் ஒரு தடவை போய்ப் பன்னிரண்டு நாள் இருந்து பார்த்தேன். ஆளில்லாத அறைகளில் எரிகிற விளக்குகளை அணைத்துக்கொண்டே இருந்தேன். மாப்பிள்ளை பின்னாலேயே வந்து திரும்பப் போட்டார். பதின்மூன்றாம் நாள் ரயில் ஏறினேன். "நீங்க அங்க இருந்தாத்தான் உங்களுக்கு நிம்மதி" என்றாள் என் மனைவி, டிபன் டப்பாவைக் கையில் கொடுத்தபடி. அவளுக்கு எங்கே நிம்மதி என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

அவள் இங்கே இருந்தவரை மாதம் ஒரு முறை மாட்டுங்காவுக்கு அவளே போவாள். பில் போட்ட பிறகு, கடைக்கு உள்ளே சாமான் கட்டுகிற பெரியவரைப் பார்த்து, "நம்மது?" என்று ஒரு வார்த்தை கேட்பாள். அவர் சீயக்காய்ப் பாக்கெட்டை எடுத்துப் பையில் வைத்து, பில்லின் அடியில் பேனாவால் அதையும் எழுதுவார். கடையிலேயே பூலாங்கிழங்கும் ஆவாரம்பூவும் வெந்தயமும் சேர்த்து அரைத்து, காக்கி உறையில் போட்டு, பின் அடித்து வைத்திருக்கும் சரக்கு. கம்ப்யூட்டரில் ஏறாது.

அவள் போனபின் முதல் இரண்டு மாதம் இருந்த சாமானை வைத்து ஓட்டினேன். மூன்றாவது மாதம் பட்டியலை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அதைப் பார்த்து முதலாளி பில் அடித்து உள்ளே கொடுத்துவிடுவார். பெரியவர் கட்டுவார். செவ்வாய்க்கிழமை கடை டெம்போ செம்பூர்ப் பக்கம் வரும்போது பை வீட்டுக்கு வந்துவிடும்.

சாமானை மேஜைமேல் பரப்பி வைத்துக்கொண்டு பில்லோடு ஒத்துப் பார்ப்பது என் வழக்கம். பில்லில் பதினாறு. மேஜையில் பதினேழு. மூன்று முறை எண்ணினேன். பதினேழாவது, காக்கி உறை.

அன்று ராத்திரி போனில், "கடையில சீயக்காய் ஏதாவது சொன்னியா?" என்று கேட்டேன்.

"இல்லையே. எதுக்கு?"

"சும்மாத்தான்."

அதோடு விட்டேன். விட்டேன் என்பதுதான் எனக்கே புதிது. ஏனென்றால் கடைக்காரர் மறந்துபோன ஒரு பொருளை ஒரு ராத்திரிகூட வீட்டில் வைத்துக்கொண்டவன் இல்லை நான்.

மகள் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த நாளில், நல்ல மழையில், பையைக் கொட்டியபோது தேங்காய் நாலு இருந்தது. பில்லில் மூன்று. உடனே செருப்பை மாட்டினேன்.

"ஏன்னா, கொட்டற மழையில எங்க கிளம்பறேள்? அடுத்த மாசம் போறச்சே சொல்லிண்டா ஆகாதா?" என்றாள் மனைவி.

"அதுவரைக்கும் இது யார் தேங்காய்?"

"யார் தேங்காயா இருந்தா என்ன, அது பாட்டுக்கு மூலையில கெடந்துட்டுப் போறது. காய்கறி விக்கற பஜ்ஜிவாலா கொத்தமல்லியும் பச்சமொளகாயும் கொசுறாத் தரான், அதை மட்டும் கைநீட்டி வாங்கிக்கறேளே."

"அது அவன் தெரிஞ்சு கொடுக்கறது. இது தெரியாம வந்தது."

"தெரியாம வந்த அழுகல் தேங்காயும் உண்டு. அதுக்கு ஒரு நாளாவது மழையில போயிருக்கேளா?"

போனேன். குர்லாவில் வண்டி மாறி, சயான் தாண்டி, மாட்டுங்காவில் இறங்கி, நனைந்த தேங்காயைக் கல்லாவின் மேல் வைத்து, நடந்ததை எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். அப்போதைய முதலாளி, இப்போது இருப்பவரின் தகப்பனார், எனக்கு ஸ்டூல் போட்டு டீ வரவழைத்தார். பக்கத்தில் நின்றிருந்தவர்களிடம், "இப்படியும் மனுஷாள் இருக்கா பாருங்கோ" என்றார். டீ நன்றாக இருந்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் நன்றாகத்தான் இருந்தது.

அடுத்த மாதம் கடைக்குப் போய்விட்டு வந்த மனைவி, பையை இறக்கி வைக்காமலே சொன்னாள். "பில் போடற பொண்ணுக்கு ஒரு நாள் சம்பளம் பிடிச்சுட்டாளாம். என் மூஞ்சியையே பாக்க மாட்டேங்கறா. நீங்க யோக்கியராறதுக்கு அந்தப் பொண்ணு அழணுமா?"

தப்பு அவளுடையதுதானே என்றேன். மனைவி உள்ளே போய்விட்டாள். அந்தக் கேள்விக்கு அது பதில் இல்லை என்பது எனக்கும் தெரியும். பிறகு பல வருஷம், பில்லில் எது விட்டுப்போனாலும் அவளே கவனித்துக்கொண்டாள். அடுத்த தடவை கடைக்குப் போய், யாருக்கும் தெரியாமல், "போன தடவை இது விட்டுப்போச்சு, இதிலேயே சேர்த்துக்கோ" என்பாள். எனக்கே ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது.

ஆகவே முதல் சீயக்காய்ப் பாக்கெட் வந்தபோது என்னிடம் ஒரு சாக்கு தயாராக இருந்தது. சொன்னால் பெரியவருக்குத் திட்டு விழும். அறுபது வயதைத் தாண்டியவர். தாராவியிலிருந்து தினமும் நடந்தே வருகிறவர். அவரைக் காட்டிக்கொடுக்கக் கூடாது. சாக்கு நல்ல சாக்குதான். ஆனால் ராத்திரி அலமாரியைத் திறந்து அந்த உறையை முகர்ந்து பார்த்ததற்கு அந்தச் சாக்கு பொருந்தவில்லை.

விஷயம் எனக்கு அன்றே புரிந்துவிட்டது. பில் போடுகிறவருக்கு என் பட்டியல்தான் தெரியும். கட்டுகிறவருக்கு எங்கள் வீடு தெரியும். அவர் கணக்கில் அந்தப் பை அவளுக்குப் போகிற பை. பம்பாயில் அவள் இன்னும் இந்த வீட்டில்தான் இருக்கிறாள் என்று நம்புகிற ஒரு மனிதர் மிச்சம் இருந்தார். அவரிடம் போய், வேண்டாம், நிறுத்துங்கள் என்று சொல்ல வேண்டியிருந்தது. மாதம் ஒன்று வந்தது. நான்கு ஆயிற்று, ஆறு ஆயிற்று. செவ்வாய்க்கிழமைகளில் மணி அடித்தால் முதலில் அந்த உறையைத்தான் தேடினேன். கிடைத்த பிறகுதான் பருப்பும் எண்ணெயும்.

அவள் வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்துவிட்டு, துண்டைச் சுற்றிக்கொண்டு, பால்கனியில் நின்று முடியைத் தட்டுவாள். நான் உள்ளே பேப்பர் படித்துக்கொண்டு, "தண்ணி தெறிக்கறது" என்பேன். முப்பத்தெட்டு வருஷத்தில் வெள்ளிக்கிழமைகள் ஏறக்குறைய இரண்டாயிரம். ஒன்றில்கூட நான் வேறு வார்த்தை சொன்னதாக நினைவில்லை.

ஒன்பதாவது பாக்கெட் வந்த வாரத்தில் ஒரு நாள், லிப்டில் மேல்மாடிப் பெண் என்னோடு ஏறினாள். மராட்டிக்காரி. முகத்தை லேசாகத் தூக்கி மூச்சை இழுத்துவிட்டு, "ஆன்ட்டி வந்துட்டாங்களா அங்கிள்?" என்று ஹிந்தியில் கேட்டாள்.

"இல்லையே. ஏன்?"

"அவங்க வாசனை வந்துச்சு. அதான்."

என் சட்டைகளும் அதே அலமாரியில்தான் இருக்கின்றன. வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிப் பார்த்தேன். அவள் சொன்னது சரிதான். பில்லில் ஏறாத சாமானை உடம்பில் போட்டுக்கொண்டு காய்கறி மார்க்கெட், பேங்க், டாக்டர் என்று ஊரெல்லாம் சுற்றியிருக்கிறேன்.

மறுநாள் பத்தரை மணிக்கு மாட்டுங்காவில் இறங்கினேன். குர்லா ஸ்டேஷன் மேம்பாலத்தில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்க வேண்டியிருந்தது. சொல்ல வேண்டியதை நான்கு முறை மனதுக்குள் சொல்லிப் பார்த்திருந்தேன். ஆனால் கடைக்குள் நுழைந்ததும், உள்ளே கோணிக்குப் பக்கத்தில் குனிந்திருந்த பெரியவரின் முதுகு தெரிந்தது.

முதலாளியிடம் வேறொன்று சொன்னேன். "ஒன்பது மாசமா சீயக்காய்ப் பொடி ஒண்ணொண்ணு வாங்கிண்டிருக்கேன். போன்ல தனியா, உள்ள சொல்லிடுவேன். லிஸ்ட்ல எழுத விட்டுப்போச்சு. தப்பு என்னோடது. ஒன்பதுக்கும் எடுத்துக்கோங்கோ. நடுவுல விலை ஏறியிருந்தா, முதல் நாலுக்குப் பழைய விலை போட்டாலும் சரி, போடாட்டாலும் சரி."

எழுபத்து நான்கு வயதில் ஒரு கடையில் நின்று நான் சொன்ன முதல் பொய் அது. அதைச் சொல்ல நாக்கு குழறவே இல்லை.

"அரே சார், இதுக்காகவா ட்ரெயின் புடிச்சு வந்தீங்க? சோடோ, விடுங்க. ஜிபேல போட்டிருக்கலாமே" என்றார் முதலாளி. போனிலிருந்து கண்ணை எடுக்காமல் ஒரு தொகை சொன்னார். எண்ணிக் கொடுத்தேன். ஸ்டூல் போடவில்லை, டீ வரவில்லை. நல்லதாகப் போயிற்று.

கடையைவிட்டுப் பத்தடி வந்திருப்பேன். பின்னாலிருந்து, "சார், நில்லுங்க" என்று குரல். பெரியவர்தான். கையெல்லாம் மல்லிப்பொடி.

"நீங்க எங்கிட்ட போன்ல ஒண்ணும் சொல்லலியே சார்" என்றார்.

"தெரியும்."

"அம்மாவுக்கு எப்பமும் போடுததுதான, அதான் கை பாட்டுக்குப் போட்டுருக்கு. பில்லுல எழுதணும்னு தோணவே இல்ல, பாத்துக்கிடுங்க. சின்ன முதலாளி கேட்டிருந்தாம்னா எனக்குச் சங்கடம்தான்." சற்று நின்று, "அம்மா சௌக்கியமா இருக்காவளா? கடைப் பக்கமே காணோமே. கால் வலியோ?"

"பெங்களூர்ல இருக்கா. பொண்ணு வீட்டில."

"எத்தன நாளாச்சு?"

"பதினோரு மாசம்."

அவர் என் தலையைப் பார்த்தார். பார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்துவிட்டார். "அப்பம் அம்புட்டையும் என்ன செஞ்சிய சார்? சாம்பாருல போட்டியளோ?"

நானும் சிரித்தேன். அவர்தான் முதலில் நிறுத்தினார்.

"அடுத்த மாசம் போடட்டா, வேண்டாமா? அம்மா எப்ப வாராவ?"

இந்தப் பதினோரு மாதத்தில் இதை என்னிடம் கேட்டவர்கள் உண்டு. எல்லோருக்கும் சீக்கிரம் என்று ஒரே பதில்தான். இவருக்கு அந்தப் பதிலைச் சொன்னால் சாமான் வரும். பொய்க்குச் சாமான் வாங்குவது அந்த ஒன்பதைவிட மோசம். "கேட்டுச் சொல்றேன்" என்றேன்.

மாட்டுங்கா ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து மனைவிக்குப் போன் செய்தேன். ஏழே முக்காலும் இல்லை, எட்டரையும் இல்லை. எடுத்தவுடனேயே பதறினாள். "என்ன ஆச்சு? மாத்திரை போட்டுண்டேளா?"

ஒன்றும் இல்லை என்று சொல்லி, நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். லிப்டில் நடந்ததையும் விடவில்லை. முகர்ந்து பார்த்ததை மட்டும் விட்டுவிட்டேன். போனில் அவளுக்குப் பின்னால் குழந்தை எதையோ தட்டிக்கொண்டிருந்தது.

"ஒன்பதா?" என்றாள் கடைசியில்.

"ஒன்பது."

"நீங்களா வெச்சுண்டேள்? பில்லில இல்லாம?"

"ம்."

"யாரையும் காட்டிக்கொடுக்காமத்தானே பணம் கொடுத்தேள்?"

"பொய் சொல்லிட்டேன்."

"நன்னாப் பண்ணினேள்" என்றாள். அவள் குரல் ஒரு மாதிரியாக இருந்தது.

"அவர் கேக்கறார், அடுத்த மாசம் போடணுமா, வேண்டாமான்னு. நீ எப்ப வருவேன்னு." இரண்டு ஸ்லோ லோக்கல் ரயில்கள் வந்து போயின. நான் எண்ணினேன். எண்ணாமல் வேறென்ன செய்வது. "நானும்தான் கேக்கறேன்."

குழந்தை தட்டுவது நின்றது. அதன் கையிலிருந்து எதையோ வாங்கி வைத்த சத்தம். "வேண்டாம்னு சொல்லிடுங்கோ" என்றாள். "இவனை க்ரெஷ்ல விடற வரைக்கும் என்னால நகர முடியாது. அது எப்பன்னு இவா சொல்ல மாட்டேங்கறா. நானும் கேக்கலை. நீங்களும் என்னைக் கேக்கலையே, அந்த மாதிரி."

"அந்த ஒன்பதை என்ன பண்றது?"

"பாதி இங்க யாராவது வந்தா கொடுத்தனுப்புங்கோ. இங்க கிடைக்கறது நன்னால்லை."

"ஒன்பதில பாதி எப்படி வரும்?"

"அதெல்லாம் உங்க வேலை" என்றாள். போனை வைத்துவிட்டாள்.

எதிர்வீட்டுப் பையன் பெங்களூர் போனபோது நான்கைக் கொடுத்தனுப்பினேன். பெரியவருக்குச் செய்தி சொல்லியாயிற்று.

அடுத்த மாதம் செவ்வாய்க்கிழமை டெம்போ வந்தது. மேஜைமேல் பரப்பினேன். பில்லில் பதினைந்து, மேஜையில் பதினைந்து. எல்லாம் சரியாக இருந்தது. பையை மடித்து வைக்கப் போனவன், இன்னொரு தடவை அதற்குள் கையை விட்டு மூலை வரைக்கும் துழாவிப் பார்த்தேன்.