பெரகல ஏற்றத்தில் இரண்டாவது பெட்ரோல் தொட்டி

காலை ஐந்து மணி ஐம்பது நிமிடம். பதுளைக் கடைவீதிக்குப் பின்புறம், தகர வேலை செய்யும் ஆசாரியின் பட்டறை முன்னே ஒரு லொறி நின்றது. முதலில் என் கண்ணில் பட்டது லொறி அல்ல. டிரைவர் இருக்கைக்குப் பின்னால், தோள் உயரத்தில், இரும்புப் பட்டைகளால் இறுக்கிக் கட்டியிருந்த புதுத் தகரத் தொட்டி. அதன் வட்ட மூடியின் நடுவே சந்தனம் அப்பி, அதன்மேல் குங்குமம் வைத்திருந்தார்கள். முந்தின நாள் மாலை கோயில் வாசலில் லொறியை நிறுத்திப் பூஜை போட்டதாக டிரைவர் வேலுச்சாமி சொன்னார்.

ஊர் பார்த்துக் குறிப்பெழுத வந்த என்னிடம், பெரகல வரை போய்த் திரும்ப அவர் கேட்டது இரண்டு ரூபாய். பதுளையிலிருந்து பெரகலச் சந்தி ஏறக்குறைய முப்பது மைல். ரயில் இன்னும் பதுளைக்கு வரவில்லை, பண்டாரவளையோடு நிற்கிறது. பெட்ரோலும் அப்படித்தான். பண்டாரவளைக் கடையில் டின் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. அந்த வாரம் வரவில்லை.

லொறியின் சொந்தத் தொட்டி இருக்கைக்கு அடியில் இருக்கிறது. அது பாதிக்குக் கீழே இறங்கிவிட்டால் செங்குத்தான ஏற்றத்தில் எஞ்சினுக்குப் பெட்ரோல் பாயாது. அப்போது டிரைவர்கள் வண்டியைத் திருப்பி, பின்பக்கமாகவே மலை ஏற்றுகிறார்கள். அதனால்தான் இரண்டாவது தொட்டியை உயரத்தில் வைத்து, கையிருப்பில் இருந்த பெட்ரோலை நிரப்பியிருந்தார்கள். அதிலிருந்து ஒரு செம்புக் குழாய் கீழே இறங்குகிறது. நடுவில் ஒரு திருகு. திருகைத் திறந்தால் தானாக இறங்க வேண்டும்.

வேலுச்சாமிக்கு அன்று இந்த வசதி தேவைப்பட்டது. அவருடைய தம்பி முத்தையா பெரகலைக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்தில் செடிகளைக் கழித்துவிடும் கவ்வாத்து வேலை செய்கிறவர். பத்து நாளுக்கு முன் கவ்வாத்துக் கத்தி தவறிப் பாதத்தில் பாய்ந்தது. காயம் கறுக்கத் தொடங்கிவிட்டது. அன்று பொழுது சாய்வதற்குள் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாவிட்டால் காலை எடுக்க வேண்டியிருக்கும் என்று தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் எழுதிய துண்டுச்சீட்டு முந்தின நாள்தான் வந்து சேர்ந்தது. மாட்டு வண்டியென்றால் இரண்டு நாள் ஆகும். லொறிச் சொந்தக்காரரான கடை முதலாளி, பெரகலையிலுள்ள தம் கடைக்கு அரிசி ஏற்றிப் போகிற சாக்கில் வண்டியைக் கொடுத்தார்.

ஆசாரி ஒரு லாந்தருக்கு ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்தார். வேலுச்சாமி அவரிடம் கேட்டார்: "மூடியில எதுக்கு ஓட்டை, ஆசாரி? ஒழுகாத டாங்கி கேட்டா ஓட்டையோட குடுக்குறீங்க."

"மண்ணெண்ணெ டின்னுல ஒத்தை ஓட்டை போட்டு ஊத்திப் பாரு. களக் களக்னு அழும். ரெண்டாவது ஓட்டை போட்டா சிரிச்சிக்கிட்டே ஊத்தும்." ஆசாரி வேலையிலிருந்து தலை நிமிரவில்லை. "கீழ எண்ணெ இறங்குற அளவுக்கு மேல காத்து உள்ள போகணும். ஊசி போற அளவுக்குத்தான் போட்டிருக்கேன். டாங்கி சாய்ஞ்சாலும் சிந்தாது."

வேலுச்சாமியும் நானும் மூடியைப் பார்த்தோம். பொட்டு நன்றாகக் காய்ந்து, எடுப்பாக இருந்தது.

ஆறு பத்துக்குப் புறப்பட்டோம். ஏழு மணிக்குத் தெமோதரையை நெருங்கினோம். ரயில் பாதைக்காக மலையின் விலாவை வெட்டியிருந்தார்கள். சிவப்பு மண் சரிவில் ஆட்கள் வரிசையாகக் கூடை சுமந்து போனார்கள். "இந்த ரயில் வந்துட்டா என் பொழைப்பு போச்சுங்க" என்றார் வேலுச்சாமி. சற்றுப் பொறுத்து, "போன வாரமே வந்திருந்தா நல்லாருந்திருக்கும்" என்றார்.

எட்டரைக்குப் பண்டாரவளை. தேநீரும் பனிஸ் ரொட்டியும் ஆறு சதம். ஒன்பது ஐம்பதுக்கு அப்புத்தளை. அங்கே மலை திடீரென முடிந்து, தெற்கே தாழ்நாடு முழுவதும் நீலமாகத் தெரிகிறது. அந்த விளிம்பிலிருந்து பெரகலைக்கு நான்கு மைல் இறக்கம். ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் வெறும் காற்று. பத்தரைக்கு அரிசி மூட்டைகளை இறக்கினோம். அதுவரை ஓடியது முழுவதும் பழைய தொட்டியில்தான்.

தோட்டம் பெரகலச் சந்தியிலிருந்து மூன்று மைல். லொறி போகும் பாதை, தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு அரை மைல் முன்னாலேயே நின்றுவிடுகிறது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போன ஆட்களில் நால்வரைக் கங்காணி விட்டிருந்தார். அவர்கள் கம்பளியும் மூங்கிலும் கொண்டு கட்டிய டோலியில் முத்தையாவைச் சுமந்து வந்தார்கள். இருபத்திரண்டு வயது இருக்கும். காய்ச்சலில் கண் சிவந்திருந்தது. பாதத்தைச் சுற்றியிருந்த துணியிலிருந்து வந்த வாடையில் டோலிக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

"கல்யாண மாப்பிள்ளை மாதிரி தூக்கிட்டு வர்றாங்க பாருண்ணே" என்றார் முத்தையா.

"மாப்பிள்ளைக்குக் கத்தி பிடிக்கத் தெரியல."

"கத்திக்கு என்னைப் பிடிச்சிருச்சு."

வெறும் சாக்குகளைப் பரப்பி, தலை டிரைவர் பக்கம் இருக்கும்படி படுக்க வைத்தார்கள். தொட்டி முத்தையாவின் முகத்துக்கு நேர் மேலே இருந்தது.

பன்னிரண்டு நாற்பதுக்குப் பெரகலச் சந்தியைத் தாண்டி ஏற்றத்தில் ஏறினோம். முதல் வளைவிலேயே எஞ்சின் இருமியது. பழைய தொட்டி பாதிக்குக் கீழே போய்விட்டது. வேலுச்சாமி பின்னால் கை நீட்டிப் புதுத் தொட்டியின் திருகைத் திறந்தார். எஞ்சின் தெளிந்தது. அரை மைல் ஓடி, நின்றது.

சக்கரத்துக்குக் கல் வைத்தோம். பெட்ரோலில் தூசி இருக்கும் என்றார். கார்புரேட்டரைக் கழற்றித் துணியால் துடைத்து மாட்டினார். வண்டி கிளம்பியது, இருநூறு கஜம் போய் மறுபடி நின்றது. குழாயைக் கழற்றிப் பார்த்தார். நாலைந்து சொட்டு விழுந்து ஓய்ந்தது. தொட்டியைத் தட்டினால் நிறைந்த சத்தம். மணி ஒன்று நாற்பது. கீழேயிருந்து மூடுபனி ஏறி வந்து பாதையின் விளிம்பை மறைத்தது.

"உள்ள இருக்கு, வரமாட்டேங்குது" என்றார் வேலுச்சாமி. பின்பக்கமாக ஏற்றலாமா என்று கேட்டேன். "இந்தப் பனியிலயா? ஏத்தினாலும் அப்புத்தளைக்கு அப்புறம் பழைய டாங்கியில இருக்கிறது பத்தாதுங்க."

குழாயை மாட்டி மூன்றாவது முறை கிளப்பினார். ஒரு வளைவு. மீண்டும் நின்றது. அந்த அமைதியில் பின்னாலிருந்து முத்தையாவின் குரல் வந்தது.

"அண்ணே, இந்தத் தகரத்துக்கு வயிறு ஒட்டுது."

"சும்மா படுடா, காய்ச்சல்ல ஒளறாத."

"ஒளறல. வண்டி ஓடுறப்ப உள்ள இழுக்குது. நிப்பாட்டினா டொக்னு வெளிய வருது. மூணு தடவை பார்த்துட்டேன். படுத்துக்கிட்டு வேற என்னத்தைப் பாக்குறது?"

நான் எழுந்து தொட்டியின் பக்கத் தகட்டைத் தொட்டேன். உள்ளங்கை அளவுக்குக் குழிந்திருந்தது. ஆசாரி சொன்ன மண்ணெண்ணெய் டின் நினைவுக்கு வந்தது. மூடியைக் காட்டினேன். வேலுச்சாமி அதைத் திருகினார். நீண்ட மூச்சு இழுப்பதுபோல் ஒரு சத்தம். குழிந்த தகடு டொக்கென்று நிமிர்ந்தது. மூடியைத் திருப்பிப் பார்த்தோம். உள்பக்கம் ஊசித் துளை தெரிந்தது. ஆகாயத்தை நோக்கிப் பிடித்தால் அதில் வெளிச்சம் இல்லை. சந்தனம் துளைக்குள் இறங்கிக் கல்லாகக் காய்ந்திருந்தது.

கண்டுபிடித்த பிறகும் அவர் சந்தனத்தில் கை வைக்கவில்லை. மூடியைப் பிடித்தபடி நின்றார்.

"மூடியைத் தளர்த்தி வச்சு ஓட்டிப் பார்ப்போமா?" என்றார் என்னிடம்.

"வளைவுக்கு வளைவு என் மூஞ்சியில பெட்ரோல் ஊத்தும்" என்றார் முத்தையா. "எடுத்துருண்ணே."

"இவனைக் கூட்டிட்டு வரணும்னுதான் நேத்து பூஜை போட்டேன், ஐயா. இவன் வண்டியில கெடக்கறப்ப எப்படிங்க அழிக்கிறது?"

"சாமி கோவிச்சா என்கிட்ட அனுப்பு. நான் பேசிக்கிறேன்" என்றார் முத்தையா.

என் குறிப்புத் தாள்களைச் சேர்த்துக் குத்தியிருந்த குண்டூசியை எடுத்துக் கொடுத்தேன். வேலுச்சாமி சாலையோரக் கல்லில் உட்கார்ந்து, மூடியை மடியில் வைத்து, ஓரத்திலிருந்து மெல்லச் சுரண்டினார். ஒரு துகளையும் கீழே விடவில்லை. எல்லாவற்றையும் இடது உள்ளங்கையில் சேர்த்தார். துளைக்குள் ஊசி மறுபக்கம் வரை போனதும் மூடியை உயர்த்திப் பார்த்தார். பிறகு தண்ணீர்ப் போத்தலிலிருந்து இரண்டு சொட்டு விட்டுத் துகளைக் குழைத்து, தம்பியின் நெற்றியில் வைத்தார்.

"இங்க அடைச்சா பரவாயில்லையா?" என்றார் முத்தையா.

"ஒனக்கு வாயிலதான் ஓட்டை. அது அடையாது."

இரண்டு பத்துக்கு வண்டி கிளம்பியது. அப்புத்தளை வரை நிற்கவில்லை. பண்டாரவளையில் கடைக்காரர் கை காட்டியும் நிறுத்தவில்லை. தெமோதரைக்கு மேலே வரும்போது முத்தையா பேசுவதை நிறுத்தியிருந்தார். வேலுச்சாமி திரும்பிப் பாராமல் இரண்டு மைலுக்கு ஒருமுறை, "டேய், வயிறு ஒட்டுதா?" என்று கேட்டார். "இல்லண்ணே" என்று பதில் வரும். கடைசி இரண்டு தடவை பதில் வரச் சற்று நேரமானது. ஐந்து நாற்பதுக்கு ஆஸ்பத்திரி வாசலில் இறக்கினார்கள். இன்னும் வெளிச்சம் இருந்தது.

மறுநாள் முற்பகல் ஊரை விட்டுப் புறப்படுமுன் பட்டறைப் பக்கம் போனேன். ஆசாரி மூடியில் துளை இருந்த இடத்தில், கொக்கியைப்போல் வாய் கீழ்நோக்கி வளைந்த ஒரு சிறு குழாயை ஈயம் வைத்துப் பற்றவைத்திருந்தார். இனி அதன்மேல் சந்தனம் நிற்காது. பொட்டு வைக்க இடம் வேண்டுமென்று வேலுச்சாமி கேட்டாராம். தொட்டியின் பக்கத் தகட்டில், குழிந்து நிமிர்ந்த இடத்தில், வைத்திருந்தார்கள்.

அங்கிருந்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். முத்தையாவின் கால் சுண்டுவிரலையும் அதற்கடுத்த விரலையும் காலை எட்டு மணிக்கு எடுத்திருந்தார்கள். பாதம் இருந்தது.