தவமணி நீட்டாத கை

அறிவிக்கச் சொல்லிச் சீட்டு வந்தால் முழுதாகப் படிக்காமலே மைக்கில் ஆரம்பித்துவிடுவது என் பழக்கம். போன மாதம் வடமதுரைப் பக்கம் நடந்த கபடிப் போட்டியில், தவமணி பெயர் போட்டு ஒரு சீட்டு வந்தது. "நம்ம கால் மன்னன் தவமணியைக் காணோம். பொண்ணு பாக்கப் போயிட்டான் போல" என்று எடுத்துவிட்டுத்தான் அடுத்த வரியைப் பார்த்தேன். மஞ்சள் காமாலையில் அன்று காலை இறந்துவிட்டான் என்று எழுதியிருந்தது. கூட்டம் சிரித்துக்கொண்டிருந்தது. சிரிப்பு அடங்கட்டும் என்று காத்திருந்து, அதே வாயால் சொன்னேன்.

அவனோடு ஆடியவர்களுக்கு என்னைத் தெரியும். எட்டாவது தாண்டாதவன், மைக் கிடைத்தால் யாரையும் விடமாட்டேன். தவமணி மட்டும்தான் திருப்பிக் கொடுப்பான். "மாமா, ஒங்க வாயப் பிடிக்க ரெண்டு கார்னர் நிறுத்தணும்" என்பான்.

சில வருடங்களுக்கு முன்பு அவனுடைய தகப்பன் கிணற்றுத் தண்ணீர்த் தகராறில் பக்கத்து ஊர்க்காரர் ஒருவரை அரிவாளால் வெட்டிக் கொன்றார். திண்டுக்கல் கோர்ட்டில் ஆயுள் தண்டனை என்று தீர்ப்பானது. அதற்கு அடுத்த வாரம் போட்டி. தவமணி வரமாட்டான் என்றார்கள், வந்தான். எதிர் டீமில் பாடி வருபவனைப் பிடிக்க இடது கார்னரில் நின்றவன் சதீஷ். செத்தவருடைய மகன்.

தவமணி கபடி பாடிக்கொண்டு போனான். சதீஷ் கால் இடறி, நெஞ்சைத் திறந்து காட்டியபடி நின்றான். தொட்டால் பாயிண்ட். தூக்கிய கை ஒரு சாண் தூரத்தில் நின்றுவிட்டது. தொடாமலே திரும்பினான்.

அப்போது நான் மைக்கில் ஒன்று சொன்னேன். அவன் தகப்பனின் கையைப் பற்றியது. அந்த வரியை இங்கே எழுதமாட்டேன். நாலைந்து பேர் சிரித்தார்கள். மற்றவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

ஆட்டம் முடிந்ததும் குழாயடியில் போய் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். முகத்தைக் கழுவிக்கொண்டே சொன்னான்:

"நீங்க சொல்றதுக்கு முன்னாடியே எனக்குள்ள அது கேட்டுருச்சு மாமா. கையத் தூக்குனாலே கேக்குது. ஆனா சதீசுக்குக் கேட்டிருக்கக் கூடாது."

அதற்குப் பிறகு அவன் ஆட்டத்தில் யாரையும் கையால் தொடவில்லை. எல்லாம் காலால்தான். பாய்ந்து வந்து பின்னங்காலை வீசினால் மூன்று பேர் அவுட். சனம் அதை ஒரு ஸ்டைல் என்று நினைத்துக் கைதட்டியது. 'கால் மன்னன்' என்று பட்டம் கொடுத்தவனும் நான்தான். வேறென்ன செய்வது? மாவட்ட டீமுக்கு ஆள் எடுக்க வந்தவர், கை போடாத ஆட்டக்காரன் எதற்கு என்று தள்ளிவிட்டார். காரணத்தைச் சொல்ல நான் எழுந்தேன். தவமணி தூரத்திலிருந்தே வேண்டாமென்று தலையை ஆட்டினான். உட்கார்ந்துவிட்டேன்.

மாதம் ஒருமுறை ஜெயிலுக்குப் போய்த் தகப்பனைப் பார்ப்பான். ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் மாட்டினான். "யாரோ சொல்லி அப்பா கேக்குறாரு, ஏன்டா கை போடுறதில்லன்னு. சுளுக்குன்னு சொல்லிட்டேன்." "எத்தனை வருசத்துக்குடா சுளுக்கு?" என்றேன். சிரித்தான். அன்றைக்கும் கைகளைப் பாக்கெட்டில்தான் வைத்திருந்தான்.

போன மாதம் தவமணியின் துக்கத்துக்குத் தகப்பனைப் போலீஸ் காவலோடு கூட்டிவந்தார்கள். வாய்க்கரிசி போட்டுவிட்டு, தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

சதீஷும் வந்திருந்தான். எல்லோருக்கும் பின்னால் நின்றவன், என்னைத் தனியாகக் கூப்பிட்டான்.

"அன்னைக்கு மைக்ல என்ன சொன்னீங்கய்யா? ஏதோ சொன்னீங்கங்கிறாங்க, என்னன்னு யாரும் சொல்ல மாட்டேங்கிறாங்க."

"ஒனக்குக் கேக்கலயா?"

"ஆடுறப்ப பாடி வாரவன் மூச்சு மட்டுந்தான் காதுல விழும். இம்புட்டு வருசமா என்னையத் தொடவே பிடிக்காமத்தான் அன்னைக்குத் திரும்பிட்டான்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்."

இவனுக்குக் கேட்கவே இல்லை. அது தெரியாமலே தவமணி போய்விட்டான்.

"ஒம்மேல ஒண்ணுமில்லப்பு. அவனுக்கு அவன் கையத்தான் பிடிக்கல" என்றேன். மைக்கில் சொன்னது என்ன என்று சதீஷ் மறுபடியும் கேட்டான். மூன்றாம் முறையும் கேட்டான். நான் வாயைத் திறக்கவில்லை.

தவமணியுடையது என்று என்னிடம் இருப்பது அது ஒன்றுதான்: சதீஷின் காதில் விழக்கூடாது என்று அவன் நினைத்த ஒரு வரி. வைத்திருக்கிறேன்.