கால்வாயோரம் கொக்கு எண்ணப் போனோம்

எட்டாம் ஆண்டு படித்த என் மகளுக்குச் சூழலியல் பாடத்துக்கு இணையத்தில் நல்லதொரு தளம் கிடைத்தது. நீர்நிலையருகே ஒரு மணி நேரம் அமர்ந்து பறவைகளைக் குறிக்க வேண்டும், தொப்பியும் தண்ணீரும் அவசியம் என்றிருந்தது. யுத்த காலம் என்பதை மறந்து, வெள்ளவத்தைக் கால்வாய்ப் பாலத்தடியில் கொப்பியும் பேனாவுமாக அமர்ந்தோம்.

காவலரணிலிருந்து வந்த சிப்பாய், பாலத்தைப் பார்த்து என்ன எழுதுகிறீர்கள் என்று சிங்களத்தில் அதட்டினார்.

"கொக்கு எண்ணுறம்" என்றாள் மகள். பயத்தில் அவளுக்குத் தமிழ்தான் வந்தது. என் அடையாள அட்டையோ வீட்டில். ஜீப்பில் ஏறச் சொன்னார்.

மீன் வாங்கிக்கொண்டு வந்த பக்கத்து வீட்டுச் சிங்களவரான நந்தனி அக்கா ஓடிவந்தார். "மல்லி, இது எங்கட பிள்ளை" என்று சிப்பாயைத் தம்பி என அழைத்துச் சிங்களத்தில் சொல்லி, மகள் வரைந்த கொக்கைக் காட்டினார். விட்டுவிட்டார்கள்.

இப்போதும் அந்தத் தளத்தின் பயிற்சிகளைச் செய்கிறோம். அடையாள அட்டையை மறப்பதில்லை. நந்தனி அக்காவும் வருகிறார். கொக்குகளை எண்ணுவது அவர்தான்.