கொசுக்கடி அக்காவும் ஆடிப்போன படங்களும்

அந்தப் பரிசோதனைக் கூடத்துக்கு ரத்தம் கொடுக்க வருகிறவர்களில் பாதிப் பேர் வாசலிலேயே நின்று ஒரு கேள்வி கேட்பார்கள். "கொசுக்கடி அக்கா வந்துட்டாங்களா?" வந்திருந்தால் உள்ளே போய் உட்காருவார்கள். இல்லாவிட்டால் வெறும் வயிற்றோடு காத்திருப்பார்கள், அல்லது நாளைக்குப் பார்க்கலாம் என்று நடையைக் கட்டுவார்கள். அவள் ஊசி குத்தினால் கொசு கடித்த மாதிரிதான் இருக்கிறது என்று எப்போதோ ஒரு முதியவர் சொல்லிவைக்க, அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. நாற்பத்தெட்டு வயதுப் பெண்மணிக்குக் கொசுவை வைத்துப் பட்டம் கொடுக்கிறார்களே என்று அவளும் முதலில் முகத்தைத் தூக்கினாள். பிறகு அந்தப் பெயர் மேல் அவளுக்கே ஒரு பெருமை வந்துவிட்டது. கைக்குழந்தைகளின் நூல் போன்ற நரம்பைத் தடவிப் பார்த்து, ஒரே குத்தில் எடுத்துவிடுவாள். குழந்தை அழ வாயைத் திறப்பதற்குள் பஞ்சு வைத்து முடித்திருப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் வேறு ஆள். கேமராப் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். சித்தி மகன் புதிது வாங்கியபோது தள்ளிவிட்ட பழைய கேமரா, கூடவே தூரத்தை இழுத்துக் காட்டும் ஒரு நீள ஜூம் லென்ஸ். பூ, பறவை, சூரிய அஸ்தமனம் எதிலும் அவளுக்கு ருசி இல்லை. வாரம் முழுக்கக் கைகளையே பார்த்துப் பழகியவள் படமெடுப்பதும் கைகளைத்தான். சாவி ராவுகிறவரின் கை, முடி வெட்டுகிறவரின் கை, மீன் அரிகிறவளின் கை. பக்கத்தில் போனால் வேலை செய்கிறவர்கள் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு சிரிக்க ஆரம்பித்துவிடுவார்கள். அதனால் எதிர்ச்சாரியில் நின்று ஜூமில் பிடிப்பாள்.

அந்த வித்தையைச் சொல்லிக்கொடுத்தது ஞாயிறு கேமராக் குழுவில் இருக்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். ஐந்து லென்ஸ் வைத்திருப்பவர் என்பதால் அவர் பெயர் அஞ்சு லென்ஸ். நல்ல மனுஷர், ஆனால் வாயைத் திறந்தால் மூட மாட்டார். "இருநூறு எம்.எம்ல எடுக்கிறியாம்மா, ஷட்டர் வேகமும் இருநூத்துல ஒரு நொடிக்குக் குறையக் கூடாது. முழங்கை ரெண்டையும் விலாவோட ஒட்டிக்கோ. இடது கை லென்ஸை அடியில தாங்கணும், சும்மா தொட்டுக்கிட்டு இருக்கக் கூடாது. மூச்சை விட்டு முடிச்ச இடத்துல பட்டனை அமுக்கு. குத்தாதே, அமுக்கு." கடைசி வார்த்தைக்கு மட்டும் அவள் சிரித்துவிட்டாள். குத்துவதுதானே அவள் பிழைப்பே.

அப்படிச் சொன்னபடி நடந்து இரண்டு வருடம் நல்ல படங்கள் வந்தன. திடீரென்று வராமல் போயின.

முதல் வாரம் பத்துப் படத்தில் நான்கு ஆடியிருந்தன. அடுத்த வாரம் ஏழு. சாவிக்காரரின் விரல்கள் இரட்டை இரட்டையாகத் தெரிந்தன. வேகத்தை இருநூற்றைம்பதுக்கு ஏற்றினாள், சுவரில் சாய்ந்துகொண்டாள், மூச்சை அடக்கி அடக்கித் தலை சுற்றியது. படம் ஆடியது ஆடியதுதான். ஷட்டர் சரி, முழங்கை சரி, மூச்சு சரி என்றால் மிச்சம் இருப்பது என்ன? கைதான்.

வேறு யாராக இருந்தாலும் சலித்துக்கொண்டு விட்டிருப்பார்கள். இவளுக்கு அப்பாவின் ஞாபகம் வந்தது. அவள் அப்பா எலக்ட்ரீஷியன். ஐம்பது வயதில் அவருக்கு ஸ்க்ரூ டிரைவர் திருகாணியின் பள்ளத்தில் உட்கார மறுத்தது. வெளிச்சம் போதவில்லை என்றார், ஸ்க்ரூ டிரைவர் மட்டம் என்றார். ஒரு வருடம் கழித்து டாக்டர் நடுக்குவாதம் என்றார். கடைசி நாட்களில் சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்த முதுகை அவள் இன்னும் மறக்கவில்லை. இந்த நோய் பெரும்பாலும் வாரிசாக வருவதில்லை என்பது பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறவளுக்குத் தெரியாதா? தெரிந்து என்ன பயன்? பயத்துக்குப் படிப்பறிவு கிடையாது.

கையை நீட்டி வைத்துக்கொண்டு பார்ப்பாள். பார்க்காதபோது சும்மா இருக்கிற கை, பார்த்தால் நடுங்குகிற மாதிரி இருக்கும். எந்தக் கையும் அப்படி முறைத்துப் பார்த்தால் நடுங்கத்தான் செய்யும். அதை அவளுக்கு யார் சொல்வது? அவள்தான் யாரிடமும் வாய் திறக்கவில்லையே. தபால் நிலையத்தில் ஊர்வாரியாகக் கடிதம் பிரிக்கும் கணவரிடம் கூட மூச்சு விடவில்லை. குழுவில் மட்டும், படங்கள் கொஞ்சம் ஆடுகின்றன என்று பட்டும் படாமல் கேட்டுப் பார்த்தாள். ஒருவர் கேமராவை மாற்று என்றார். ஒருவர் இன்னும் கனமான ட்ரைபாட் வாங்கு என்றார். அஞ்சு லென்ஸ், ஆறாவதாகத் தான் வாங்க நினைத்திருக்கும் லென்ஸைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார்.

பெரியவர்களின் கையில் ஊசி வழக்கம்போலத்தான் இறங்கியது. ஆனாலும் அவளுக்குத் துணிவு போய்விட்டது. குழந்தைகள் வந்தால் கழுத்து வலி என்று சொல்லிவிட்டுப் பக்கத்து மேஜைத் தோழியிடம் தள்ளிவிட்டாள். ஒரு நாள் எட்டு மாதக் குழந்தை. தோழி மூன்றாவது தடவையாக நரம்பைத் தேடினாள். குழந்தை கத்திய கத்தலில் அதன் அம்மாவும் அழுதாள். அறைக்கு வெளியே மாதிரிக் குழாய்களுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தவளுக்குத் தன் மேலேயே வெறுப்பு வந்தது. நரம்பு இருக்கும் இடம் அவளுக்குத் தெரியும். போகத்தான் பயம். இந்த மாதம் முடிந்ததும் ரத்தம் எடுக்கிற வேலையை விட்டு ரிப்போர்ட் தட்டச்சுக்கு மாறிக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுத்துவிடத் தீர்மானித்தாள்.

சனிக்கிழமை மதியம் கரண்ட் போய் வந்த பிறகு சர்க்கரை பார்க்கும் மெஷின் ஒரு திடகாத்திரமான ஆளுக்கு நானூற்றுச் சொச்சம் காட்டியது. தோழி பதறிப்போய் அந்த ஆளைக் கூப்பிட எழுந்தாள்.

"உட்காருடி. நல்லா இருக்கிற மனுஷனைப் படுக்க வச்சுடாதே. முதல்ல கண்ட்ரோலை ஓட்டு" என்று இவள் தடுத்தாள்.

கண்ட்ரோல் என்பது ஒரு குப்பியில் வரும் திரவம். அதில் சர்க்கரை எவ்வளவு என்று முன்பே தெரியும். மெஷின் அந்த எண்ணைச் சரியாகச் சொன்னால்தான் அது மற்றவர்களைப் பற்றிச் சொல்வதை நம்பலாம். ஓட்டிப் பார்த்தார்கள். மெஷின் அதற்கும் நானூறு என்றது. கோளாறு மெஷினில்தான்.

"எத்தனை தடவைடி சொல்றது? ஆளைச் சந்தேகப்படறதுக்கு முன்னாடி மெஷினைச் சந்தேகப்படணும்" என்று சொல்லி முடித்தவள், அப்படியே நின்றுவிட்டாள். இருபத்து மூன்று வருடமாகத் தினமும் காலையில் செய்கிற காரியம். மூன்று மாதமாகத் தன் கையைக் கரித்துக்கொட்டியவள், கேமராவை ஒரு தடவையாவது சோதித்தாளா?

ஞாயிற்றுக்கிழமை அவள் வெளியே போகவில்லை. மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் பொடி எழுத்துக் காகிதத்தைப் பிரித்து வீட்டுக் கூடத்துச் சுவரில் ஒட்டினாள். எதிர்மூலையில் ட்ரைபாட், அதன் மேல் கேமரா, அதே ஜூம், அதே வேகம். பட்டனைக் கூடத் தொடக் கூடாது என்று பத்து நொடி டைமரை வைத்துவிட்டு, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். க்ளிக் என்றது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். எழுத்துகள் இரட்டையாக இருந்தன.

கையே படாத படம் ஆடியிருக்கிறது! அவளுக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. கத்துவதற்குப் பதில் அஞ்சு லென்ஸுக்குப் போன் போட்டாள்.

அவர் கேட்டுவிட்டு, "லென்ஸ்ல ஸ்டெபிலைசர் ஸ்விட்ச் ஆன்ல இருக்கா?" என்றார்.

"அது எப்பவும் ஆன்லதான் இருக்கும். கை ஆட்டத்தைச் சரிக்கட்டத்தானே அது?"

"அது சரிம்மா. ஆனா ட்ரைபாட்ல வச்சா அணைச்சுடணும். சில லென்ஸுல, ஆட்டமே இல்லாத இடத்துல உள்ளே இருக்கிற கண்ணாடி இல்லாத ஆட்டத்தைத் தேடி அதுவே ஆடும். அதனால இந்தப் படத்தை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது."

ஏறிய வேகத்தில் மனசு இறங்கியது. அவர் மேல் கோபம் கோபமாக வந்தது. ஆனால் சொன்னது நியாயம். ஸ்விட்சை அணைத்து ட்ரைபாடில் இன்னொன்று எடுத்தாள். எழுத்து கத்தி போல வந்தது. அதனாலும் ஒன்றும் தீரவில்லை. கேமரா அசையாமல் நின்றது, படம் ஆடவில்லை. அப்படியானால் கையில் பிடிக்கும்போது ஆட்டுவது யார்?

இனி ஒரே ஒரு சோதனைதான் பாக்கி. ஸ்விட்ச் அணைந்தே இருக்க, கேமராவைக் கழற்றிக் கையில் எடுக்க வேண்டும். தாங்கிப் பிடிக்க எந்த உதவியும் இல்லாமல் தன் கை மட்டும். அவள் சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்தாள். தேவையில்லாமல் அடுப்பைத் துடைத்தாள். பிறகு வந்து முழங்கையை விலாவோடு ஒட்டி, மூச்சை விட்டு, அமுக்கினாள்.

பார்க்கப் பயந்து கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது 'குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்' என்ற வரி பளிச்சென்று தெரிந்தது. ஒரு புள்ளி கூட அலையவில்லை.

ஒரு தடவை வந்தால் அதிர்ஷ்டம் என்று அவள் தொழில் சொல்லும். ஸ்விட்சைப் போட்டுப் பத்து, அணைத்துப் பத்து எடுத்தாள். போட்டால் ஆடியது, அணைத்தால் நின்றது. கை ஆட்டத்தைத் தடுக்க வேண்டிய கண்ணாடியே கழன்றோ இளகியோ கூத்தாடிக்கொண்டிருக்கிறது. மூன்று மாதத்துக்கு முன் பஸ் பிரேக் போட்டபோது பை இருக்கையிலிருந்து விழுந்ததும், வெளியே கீறல் இல்லை என்று பார்த்து நிம்மதியாக மூடி வைத்ததும் இப்போதுதான் உறைத்தது. லென்ஸை எடுத்து ஒரு முத்தம் கொடுத்தாள். ரிப்பேருக்குப் போக வேண்டிய லென்ஸுக்கு அத்தனை மரியாதை யாரும் கொடுத்திருக்க மாட்டார்கள்.

அடுத்து தோழிக்குப் போன். "நாளைக்கு எந்தக் குழந்தை வந்தாலும் எனக்கு அனுப்புடி. கழுத்து வலி போயிடுச்சு. ஆமா, சுத்தமா போயிடுச்சு."

காய்கறிப் பையோடு கணவர் வாசலில் நின்றிருந்தார். "உனக்கு எப்போ கழுத்து வலி வந்துச்சு?" என்றார்.

அப்புறம் எங்கே அடக்குவது? அப்பா, ஸ்க்ரூ டிரைவர், எட்டு மாதக் குழந்தை, ஸ்விட்ச் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள். அவர் பையைக் கீழே வைக்காமலே கேட்டுக்கொண்டிருந்தார்.

"நீ காபிக் கப்பை ரெண்டு கையால பிடிக்க ஆரம்பிச்சப்பவே பார்த்தேன்" என்றார்.

"பார்த்தீங்களா? பார்த்துட்டு ஏங்க கேக்கல?"

"கேட்டு, நீ ஆமான்னு சொல்லிட்டா?"

அவர் பையைக் கீழே வைத்தார். "அப்படியே உக்காரு, உன்னை ஒரு படம் எடுக்கிறேன்" என்றார். கல்யாணமான நாள் முதல் கேமராவைத் தொடாத மனுஷர். அவள் வேகத்தைச் சரியாக வைத்து, ஸ்விட்ச் அணைந்திருக்கிறதா என்று பார்த்துக் கொடுத்தாள். அவர் வெகு நேரம் குறி பார்த்து அமுக்கினார்.

படத்தில் அவள் முகம் பக்கவாட்டில் இழுபட்டு, இரண்டு மூக்கோடு சிரித்துக்கொண்டிருந்தது.

"இந்த லென்ஸ் நிஜமாவே போயிடுச்சுபோல" என்றார் அவர்.

"லென்ஸ் இல்ல. இதுதான் கை ஆட்டம். ஒரே பக்கமா இழுத்திருக்கு பாருங்க" என்று சொல்லிக்கொண்டே நிமிர்ந்தவள், அவர் கைகளைப் பார்த்தாள். கேமராவின் வார் கிடுகிடுவென்று ஆடிக்கொண்டிருந்தது. மூன்று மாதம் சேர்த்து வைத்த பயமெல்லாம் மனுஷருக்கு இப்போதுதான் விரல் நுனிக்கு வந்திருந்தது.

அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். நரம்பு தேடுகிறவளின் பிடி, அழுத்தமும் இல்லாமல் தளர்வும் இல்லாமல். அவர் கை நிற்கும்வரை விடவில்லை.