ஆரு போட்ட சனிக்கிழமை

எங்கள் ஆபீஸ் லிங்கராஜபுரத்தில், ஒரு பேக்கரிக்கு மேல்மாடி. டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு, நாளை எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று முந்தின நாள் மாலை நான்கு மணிக்கு மெசேஜ் அனுப்புவது எங்கள் வேலைகளில் ஒன்று. எங்கள் வேலை என்று சொல்கிறேனே தவிர, ஆபீஸில் யாரும் உட்கார்ந்து எதையும் அனுப்புவதில்லை. நான் அங்கே போன் எடுப்பவள், டயாலிசிஸ் சென்டர்களோடு பேசுபவள். யார் கேட்டாலும் "அது தானா போயிடும் சார்" என்று வருஷக்கணக்காகப் பதில் சொல்லி வந்தேன். தானாக என்றால் எப்படி என்று ஒரு நாளும் கேட்டுக்கொண்டதில்லை.

ஒரு சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு எங்கள் இன்ஜினியர் போன் செய்தான். கன்னடக்காரன், என்னை விட இளையவன், என்னை அக்கா என்பான். தங்கை கல்யாணத்துக்காக ஹாசன் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தான். ஒரு சென்டர் அந்த வாரம் முதல் ஞாயிற்றுக்கிழமையும் திறக்கிறது. அதுவரை ஞாயிறு லீவு என்பதால் சனிக்கிழமை மெசேஜ் கிடையாது. இனி உண்டு. அதை மாற்றிவிட்டுப் போக மறந்துவிட்டான். இன்னும் ஒரு மணி நேரத்தில் மாற்றாவிட்டால், நாளை வர வேண்டியவர்களுக்குத் தெரியாமலே போய்விடும். டயாலிசிஸ் ஒரு நாள் தவறினால் கால் வீங்கும், மூச்சு முட்டும். விளையாட்டு இல்லை.

"நீவே மாட்பேக்கு அக்கா" என்றான். நீங்கள்தான் செய்ய வேண்டும்.

அவன் கம்ப்யூட்டரில் கறுப்புத் திரையைத் திறந்து உட்கார்ந்தேன். கிரான்டேப் என்று ஒன்று இருக்கிறதாம். எந்த வேலையை எப்போது செய்ய வேண்டும் என்று கம்ப்யூட்டருக்கு எழுதிவைத்த பட்டியல். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வரி. வரியின் தொடக்கத்தில் நிமிஷம், மணி, தேதி, மாதம், கிழமை என்று ஐந்து இடங்கள். கிழமையில் ஞாயிறு பூஜ்யம், சனி ஆறு. மெசேஜ் வரியில் பூஜ்யம் முதல் ஐந்து வரை என்று இருப்பதை, பூஜ்யம் முதல் ஆறு என்று மாற்ற வேண்டும். ஒரே ஒரு எண். இதற்குப் போய் இத்தனை பதற்றமா என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டேன்.

சிக்னல் விட்டுவிட்டு வந்தது. அவன் சொன்னது: "கிரான்டேப், ஹைஃபன், இ. ஓபன் ஆகத்தெ. கொனேலி ஐது தெகெது ஆரு ஹாகி அக்கா." திறக்கும், கடைசியில் இருக்கும் ஐந்தை எடுத்துவிட்டு ஆறு போடுங்கள் என்று அர்த்தம். என் காதில் விழுந்தது: "கிரான்டேப், ஹைஃபன்... ஆரு ஹாகி அக்கா."

ஆபீஸில் யாரும் எண்ணைக் கன்னடத்தில் சொல்ல மாட்டோம், தமிழிலும் சொல்ல மாட்டோம். சிக்ஸ் என்றுதான் சொல்வோம். அன்றைக்கு அவன் கல்யாண வீட்டு நினைப்பில் இருந்தான். பஸ்ஸை பஸ்ஸு என்றும் காரைக் காரு என்றும் சொல்லும் ஊரில், ஆரு என்றால் எனக்கு ஆர் என்ற ஆங்கில எழுத்துதான். தட்டிவிட்டு என்டரும் போட்டேன்.

ஒன்றும் நடக்கவில்லை. "ஓபன் ஆகல" என்றேன். என்ன அடித்தீர்கள் என்று கேட்டான். படித்துக் காட்டினேன்.

"அய்யோ தேவ்ரே" என்றான்.

இ போட்டால் பட்டியல் திறக்கும். ஆர் போட்டால் பட்டியல் மொத்தமும் அழியும். நிஜமாகவா என்று ஒரு வார்த்தை கேட்காது. ஒரு போட்டோவை அழிக்க என் போன் இரண்டு முறை கேட்கிறது. இது சொன்ன பேச்சைக் கேட்டுப் பேசாமல் இருந்துவிட்டது. பட்டியலின் நகல் அவன் லேப்டாப்பில் இருந்தது, லேப்டாப் அவன் வீட்டில் பூட்டிய அறைக்குள் இருந்தது.

"அழாதீங்க அக்கா, லாக் நோடோணா" என்றான். கம்ப்யூட்டரின் குறிப்பேட்டைப் பார்க்கலாம் என்று அர்த்தம். நான் அழவில்லை. மூக்கைத்தான் உறிஞ்சினேன்.

இந்த முறை ஒவ்வொரு எழுத்துக்கும் ஊர்ப்பெயர் சொன்னான். மைசூர் எம், ராய்ச்சூர் ஆர். தப்பாமல் அடித்தேன். திரை நிறைய வரிகள் ஓடி வந்து நின்றன. கம்ப்யூட்டர் தான் செய்த ஒவ்வொரு வேலையையும் செய்த நேரத்தோடு குறித்து வைத்திருந்தது.

மேலே தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது. செவ்வாய்க்கிழமை மழையில் மர்பி டவுனில் எங்கள் தெரு முழுக்கக் கரண்ட் போய், நான் தீப்பெட்டி தேடித் திண்டாடிய நேரத்தில் ஒரு வரி. வியாழக்கிழமை நான் குக்கர் விசிலை எண்ணிக்கொண்டிருந்த காலையில் ஒரு வரி. காய்ச்சல் என்று பொய் சொல்லி லீவு போட்ட நாளிலும் வரிசையாக வரிகள். ஒரு நிமிஷம் பிசகவில்லை. தானா போயிடும் சார் என்று எத்தனை அலட்சியமாகச் சொல்லியிருக்கிறேன்! எனக்கு உடம்பு சிலிர்த்தது. கோயிலில்கூட எனக்கு அப்படி ஆனதில்லை, உள்ளதைச் சொல்கிறேன். சொல்லிவைத்த பட்டியலை நான் அழித்துவிட்டேன். அது செய்து முடித்ததை என்னால் அழிக்க முடியவில்லை. செய்ததைப் பார்த்தே சொன்னது என்ன என்று திரும்ப எழுதிவிடலாம்.

எழுதினோம். நான் கிழமை கிழமையாகப் படிக்க, அவன் ஒவ்வொரு வரியாகச் சொல்ல, மூன்று ஐம்பத்தைந்துக்குப் புதுப் பட்டியல் தயார். அதில் ஆறும் போட்டாயிற்று.

ஒரு வரி மட்டும் மிஞ்சியது. தினமும் நான்கு மணி ஐந்து நிமிஷத்துக்கு, சனிக்கிழமையும் விடாமல், அந்த ஞாயிறு சென்டர் பெயரில் ஒரே ஒரு நம்பருக்கு ஒரு போன். அது அவன் வேலைக்குச் சேர்வதற்கு முன்பே யாரோ எழுதியது. என்னவென்று அவனுக்கும் தெரியவில்லை. தெரியாததைப் போட வேண்டாம் என்றான். அந்த சென்டர் நர்ஸுக்குப் போன் அடித்தேன், எடுக்கவில்லை. நான்கு மணிக்கு மெசேஜ்கள் போயின. நான்கு ஐந்தும் ஆனது. நான்கு ஆறுக்கு நர்ஸ் திரும்பக் கூப்பிட்டாள். விஷயத்தைச் சொன்னேன்.

"ஐயோ, அது நம்ம பாய்க்கு அக்கா! கண்ணு தெரியாதுல்ல, மெசேஜ் எப்படிப் படிப்பாரு? நாளைக்கு வாங்க, இல்ல வர வேணாம்னு என் குரல்ல பதிஞ்சு வெச்சிருக்கு. நாளைக்கு அவரு வரணுமே!"

"ரெக்கார்டிங்னு அவருக்குத் தெரியுமா?"

"நான்தான் பேசுறேன்னு நெனப்பு. சட்டுனு வெச்சிடுறேனா, பாவம் வேல ஜாஸ்தின்னு நெனச்சுக்கிறாரு. நானும் சொல்லல."

இன்ஜினியர் சொல்லச் சொல்ல அந்த வரியைக் கையால் தட்டி ஓட்டினேன். நான்கு ஏழுக்கு பாய்க்குப் போன் போனது. அப்புறம் அதையும் பட்டியலில் சேர்த்தேன்.

மனசு கேட்காமல் மறுநாள் காலை சென்டருக்குப் போனேன். பாய் வந்திருந்தார். சிவாஜிநகரில் கறிக்கடை வைத்திருந்தவர், சர்க்கரையில் கண் போய்விட்டது. கையில் நேரம் சொல்லும் கடிகாரம், பட்டனை அமுக்கினால் பேசும். நான் யாரென்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நேத்து போன் வந்துச்சா பாய்?"

"வந்துச்சும்மா. அது என்னைக்கு வராம இருந்துச்சு?" என்றவர், நர்ஸ் பக்கத்தில் இருக்கிறாளா என்று காதைத் தீட்டிக் கேட்டுவிட்டு, குரலைத் தாழ்த்தினார். "நேத்து ரெண்டு நிமிஷம் லேட்டு. இத்தன வருஷத்துல மொதல் தடவ. அந்தப் பொண்ணுக்கு வீட்டுல என்ன கஷ்டமோ. நீங்க ஆபீஸ்காரங்க, தயவு பண்ணி அத ஒண்ணும் கேட்டுடாதீங்க."