மன்னிப்புக் கேட்கும் மெஷின்

இன்று டயகம தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு எரிச்சலோ எரிச்சல். பக்கத்து சீட்டில் எங்கள் லயத்து வரிசை வீட்டுச் செல்வியக்கா, போன் கம்பெனி சாட்பாட்டோடு சத்தமாகப் பேசிக்கொண்டே வந்தார்.

"சாப்டீங்களா? இங்க ஒரே மழைங்க."

"மன்னிக்கவும், உங்கள் கேள்வி புரியவில்லை" என்றது அது.

அக்கா சிரித்துவிட்டு மறுபடி கேட்டார். அதுவும் மறுபடி மன்னிப்புக் கேட்டது.

எனக்குப் பொறுக்கவில்லை. "அக்கா, அது வெறும் மெஷின். அதுகிட்ட என்ன பேச்சு?"

"தெரியும் தங்கச்சி. நேத்து நான் பறிச்ச கொழுந்து நிறுக்கையில கிலோவ கழிச்சிட்டு, கணக்கப்புள்ள என்னையே ஏசுனாரு. இது ஒரு தப்பும் செய்யாமலே மன்னிப்புக் கேக்குது."

தோட்டத்து ஆபீஸிலும் ஒரு சாட்பாட்டை உட்கார வையுங்கள். வேலை நடக்காது, இப்போது மட்டும் நடக்கிறதா? மன்னிப்பாவது கிடைக்கும்.

ஆட்சேபனை உள்ள தோட்டத்துத் துரைமார் கீழே கமெண்டில் எழுதலாம்.