முப்பது வந்தால் நிறுத்திவிடுவேன்

பழ ஈயின் கரு அரை மில்லிமீட்டர் நீளம்கூட வராது. அதன் வயிற்றில் வளையம் வளையமாகப் பகுதிகள் உண்டு. நடுவில் உள்ள வளையங்களில் ஒன்றை இடம், வலம் என்று பிரித்தால் ஒரு பாதிக்கு முப்பது தசைகள். அந்த முப்பதை எண்ணுவதுதான் இந்த எழுபத்தொரு வயதில் என் வேலை.

கல்லூரி விலங்கியல் ஆய்வகத்தில் முப்பத்துமூன்று வருஷம் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவன் நான். வீட்டில் உட்கார்ந்தால் மின்விசிறியின் சுற்றை எண்ணிக்கொண்டிருப்பேன் என்று பயந்து, ஈ ஆராய்ச்சி செய்யும் ஓர் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தேன். வாரத்தில் மூன்று நாள். கிழக்கேகோட்டையில் பஸ் ஏறினால் நாற்பத்தொரு நிறுத்தம். நாற்பதாவது வந்ததும் எழுந்து நின்றுவிடுவேன். கண்டக்டருக்கு அது பழகிவிட்டது. எனக்குத்தான் முழங்கால் பழகவில்லை.

நான் எண்ணியதெல்லாம் ஓர் ஆய்வு மாணவிக்காக. போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்துப் பெண். பள்ளிக்கூடம் முழுக்க மலையாளத்தில் படித்தவள். என்னிடம் மட்டும் தமிழில் பேசுவாள், அதிலும் பாதி மலையாளம் இருக்கும். அவளுடைய ஆராய்ச்சியை முதல் வாரமே எனக்கு விளக்கினாள்.

"சாரே, மேல் தோல்ல இருந்து ஒரு சிக்னல் வரும். இந்த இடத்துல தசை வரணும்னு. உடனே அங்க உள்ள செல்லுக எல்லாம் ரெடியாகும். எல்லாம் ஒரே மாதிரிதான், கேட்டோ. அதுல ஒண்ணு கொஞ்சம் முந்தும். முந்தினதும் பக்கத்துல உள்ளதுககிட்ட, நான் ஆயிட்டேன், நீங்க ஆக வேண்டாம்னு சொல்லும். அதுக அடங்கிரும். அப்புறம் அதுகூடவே போய் ஒட்டி, எல்லாம் சேர்ந்து ஒரு தசை."

"அடங்காட்டா?"

"எங்க தோட்டத்து லயத்து வீடுகள்ல நடந்த மாதிரிதான். ரெண்டு யூனியன் லீடர். ரெண்டு கொடி."

கொடி இரண்டானால் தசையும் இரண்டு. அந்த 'நீங்க ஆக வேண்டாம்' என்ற சொல் பக்கத்துச் செல்லுக்குச் சரியாகக் கேட்பதற்கு ஒரு ஜீன் உதவுகிறது என்பது அவளுடைய ஊகம். அந்த ஜீன் பழுதான கருக்களில் அங்கங்கே முப்பத்தொன்று வரவேண்டும். வந்தால் மூன்று வருஷ உழைப்பு ஆய்வேடாகும்.

எது பழுதான கரு, எது சாதாரணக் கரு என்று எனக்குத் தெரியக்கூடாது. ஸ்லைடின் லேபிள் மேல் காகிதம் ஒட்டி, வெறும் எண் எழுதித் தருவாள். பழுப்புச் சாயம் ஏறிய தசைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். மைக்ராஸ்கோப்பின் திருகை மேலும் கீழும் திருப்பி எண்ண வேண்டும். ஒரு நாளைக்கு ஆறு பாதிக்குமேல் என் கண் தாங்காது. எல்லாம் முடிந்தபோது நூற்றிருபது பாதிகள்.

முடிவைக் கூட்டத்தில் வைத்தார்கள். ஆய்வுக்கூடத் தலைவியான மேடம் அட்டவணையின் இரண்டு பத்திகளையும் பார்த்தார். பழுதானதும் சாதாரணமானதும் ஒன்றுபோல் இருந்தன. இந்த ஜீனை விட்டுவிடலாம் என்று சாந்தமாகச் சொன்னார். உதவித்தொகை முடிய இன்னும் நான்கு மாதம்தான். வேறொன்றைத் தொடங்க நேரமில்லை.

கேன்டீனில் அவள் என் எதிரே உட்கார்ந்தாள்.

"நல்லதாப் போச்சு சாரே. கழக்கூட்டத்துல ஒரு ஐ.டி. கம்பெனி கூப்பிட்டிருக்கு. இனி கை ப்ளீச் நாறாது, ஈஸ்ட் நாறாது. ஏசியில இருந்து டைப் அடிக்கலாம்."

சிரித்தாள். நேந்திரம்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்த பழம்பொரி இரண்டு வாங்கியிருந்தாள். ஒன்றில் இரண்டு கடி கடித்து வைத்துவிட்டாள்.

மறுநாள் எனக்கு வேலை இல்லை. மாலையில் துணி எடுக்க மொட்டைமாடிக்குப் போனேன். எங்கள் மாடிக்குப் பத்தொன்பது படி. இறங்கும்போது பதினெட்டுதான் வந்தது. திரும்ப ஏறினேன். கீழே என் மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்னா, பதினெட்டா இருந்தா ஆத்துக்கூரை இடிஞ்சு விழுந்துடுமா? பத்தொன்பது வந்துட்டா மட்டும் ஒரு தடவையோட நிறுத்திடறேள். அது தப்பா இருக்கப்படாதா?"

நான் துணியோடு படியில் உட்கார்ந்துவிட்டேன். எத்தனையாவது படி என்று அப்போது பார்க்கவில்லை.

அடுத்த வேலை நாள் போனதும் என் குறிப்பேட்டைப் பிரித்தேன். எத்தனை தடவை எண்ணினேன் என்பதையும் எண்ணி, ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் புள்ளி வைப்பது என் பழக்கம். ஒரு புள்ளி உள்ள வரிகள் எண்பத்துமூன்று. எல்லாம் முப்பது. இரண்டோ மூன்றோ புள்ளி வைத்தும் முடிவில் முப்பது ஆனவை இருபத்தெட்டு. எவ்வளவு எண்ணியும் முப்பதாகாமல் நின்றவை ஒன்பது. முப்பது வந்த பிறகு இன்னொரு தடவை எண்ணிய வரி ஒன்றுகூட இல்லை.

முப்பத்தொன்று வந்தபோதெல்லாம், ஒரே தசை பிளந்து தெரிகிறது என்று நினைத்துத் திரும்ப எண்ணியிருக்கிறேன். முப்பது ஆனதும் நிம்மதியாக எழுதியிருக்கிறேன். அவள் மூன்று வருஷமாகத் தேடியது அந்த இரண்டாவது தசையைத்தான்.

சொல்லாமல் இருந்துவிடலாம் என்றும் தோன்றியது. அவள் கழக்கூட்டத்தில் சேர்ந்துவிட்டால் யாரும் அந்தப் புள்ளிகளைப் பார்க்கப்போவதில்லை. மதியம்வரை அலமாரியில் உள்ள சாடிகளை எண்ணினேன். பிறகு குறிப்பேட்டைக் கொண்டுபோய் அவள் முன்னால் வைத்துச் சொன்னேன்.

வெகுநேரம் புரட்டினாள்.

"இத எதுக்கு சாரே இப்போ எங்கிட்ட சொன்னீங்க?" குரல் உயரவில்லை. "முந்தாநாள்தான் அம்மாகிட்ட சொல்லி, அது அழுது முடிச்சுது. எனக்கும் ஒரு சமாதானம் வந்துது. இனி நான் எல்லாம் ஆதியில இருந்து எண்ணணும், அல்லே?"

"நானே எண்ணித் தர்றேன்."

"வேண்டா. நீங்க எண்ணவே வேண்டா."

சாயம் அழியாத சாயம், ஸ்லைடுகள் பத்திரமாக இருந்தன. மேடத்திடம் நானே போய்ச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, எது வந்தாலும் ஒரே தடவைதான் எண்ண வேண்டும், இரண்டு பேர் தனித்தனியாக எண்ண வேண்டும் என்று விதி வைத்தார். இன்னொரு மாணவர் பழைய காகிதங்களை உரித்துப் புது எண்களை ஒட்டினார். அவள் கம்பெனியில் இரண்டு வாரம் தவணை கேட்டாள்.

திங்கட்கிழமை காலை மைக்ராஸ்கோப்பில் அவள் உட்கார்ந்தாள். பக்கத்து நாற்காலியைக் காலால் தள்ளிவிட்டாள்.

"எழுதவாவது செய்யுங்க சாரே."

பென்சிலோடு உட்கார்ந்தேன்.

"முப்பது."

எழுதினேன்.

"முப்பது."

எழுதினேன்.

மூன்றாவதற்குத் திருகை நிறைய நேரம் திருப்பினாள். அவள் உதடு அசைவதை நானும் கூடவே எண்ணிக்கொண்டிருந்தேன்.

"முப்பத்தொண்ணு."

பென்சில் நின்றுவிட்டது. அது பழுதான கருவா, சாதாரணக் கருவா என்று காகிதத்தை உரிக்கும்வரை அவளுக்கும் தெரியாது. அவள் கண்ணை எடுக்காமலே கேட்டாள்.

"என்ன சாரே, திரும்ப எண்ணச் சொல்லுவீங்களோ?"

"இல்லை. எழுதிட்டேன்" என்றேன். அதன் பிறகுதான் எழுதினேன். ஓரத்தில் ஒரே ஒரு புள்ளி வைத்தேன். இன்னும் நூற்றுப்பதினேழு இருந்தன.